பள்ளிகொண்டாவின் 33 பைட்டுகள்

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் உள்ள கணினியில் 'பள்ளிகொண்டா' என்ற ஊர்ப்பெயரை பைட்டுகளாக மாற்றிவிட்டு, அதையே ஒரு கட்டளையால் மறுபடி எழுத்தாக்கச் சொன்னால் 'பள்ளிகொண்டா' என்றே வரும். அதே பைட்டுகளை பிரவுசரின் பைட் வரிசையில் வைத்து, அதே பெயருள்ள கட்டளையைக் கொடுத்தால் 224,174,170,224,174,179 என்று தொடங்கி மொத்தம் 33 எண்கள் காற்புள்ளியோடு வந்து விழும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆம்பூருக்குத் தோல் ஏற்றிப் போகும் வண்டியின் டெலிவரி சலானில், 'அனுப்பும் ஊர்' என்ற கட்டத்தில் ஊர்ப்பெயருக்குப் பதில் அந்த எண்கள் அச்சாகும். வண்டி கேட்டைத் தாண்டும்போதுதான் யாராவது பார்ப்பார்கள்.

33 எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ப, ள், ளி, கொ, ண், டா என்று நமக்கு அது 6 எழுத்து. யூனிகோடு முறையில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அதற்கு 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'ப' என்றால் 224, 174, 170. 'ள' என்றால் 224, 174, 179. ஆக 33 பைட்டுகள். இரண்டு இடத்திலும் அவை அச்சு அசலாக ஒன்றே. மாறியிருப்பது அவற்றை ஏந்தி நிற்கும் பொருளின் வகை. நோட்டில் அதன் பெயர் பஃபர். பிரவுசரில் யூஇன்ட்8அர்ரே. இரண்டிலும் டூஸ்ட்ரிங் என்ற கட்டளை உண்டு. பஃபர் அதைக் கேட்டால் பைட்டுகளை எழுத்தாக்கித் தருகிறது. மற்றது எண்களை வரிசையாக ஒப்பிக்கிறது.

ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு நடத்தை இருப்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1997 ஜூனில் அது எக்மா-262 என்ற தரநிலை ஆனது. எண், எழுத்துச்சரம், பட்டியல், செயற்கூறு என்றால் என்ன என்பதை அந்தத் தரநிலை வரையறுக்கிறது. கடிகாரம் வைப்பது, நெட்வொர்க்கில் தரவு கேட்பது, கோப்பைத் திறப்பது ஆகியவை அதில் இல்லை. அவற்றைத் தருவது மொழியை ஓட்டுகிற சூழல். அதைத்தான் ரன்டைம் என்கிறோம். ஆரம்பத்தில் பிரவுசர் மட்டுமே ரன்டைம் என்பதால் மொழி எது, சூழல் எது என்று யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

2009இல் ரயன் டால், கூகுள் க்ரோமின் வி8 எஞ்சினை எடுத்து சர்வரில் ஓடும் நோட்டை உருவாக்கினார். சர்வர் என்றால் கோப்பும் நெட்வொர்க்கும்தான் வேலை. இரண்டுக்கும் பைட் வேண்டும். அன்றைய ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் பைட்டுக்கென்று ஒரு வகையே கிடையாது. அதனால் நோட் தனக்கென பஃபரைச் செய்துகொண்டது. மொழித் தரநிலைக்குள் யூஇன்ட்8அர்ரே வந்து சேர்ந்தது 2015 பதிப்பில். அதே ஆண்டு வெளியான நோட் 4இல், பஃபரை யூஇன்ட்8அர்ரேயின் வாரிசாக மாற்றி அமைத்தார்கள். ஆனால் அதற்குள் பஃபரின் பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை முறிக்க முடியாது. எனவே புதிய பரம்பரையில் பழைய பழக்கங்களும் கூடவே வந்தன.

பிறகு ரன்டைம்கள் பெருகின. 2017இல் க்ளவுட்ஃப்ளேர் ஒர்க்கர்ஸ். 2018இல் ரயன் டாலே அறிவித்த டெனோ, அதன் 1.0 பதிப்பு 2020 மே மாதம். ஆண்ட்ராய்டு ஆப்களுக்காக 2019இல் ஹெர்மஸ். சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் எஞ்சினில் ஜாரெட் சம்னர் கட்டிய பன், 2023 செப்டம்பரில் 1.0. இன்று ஒரு நடுத்தரத் தோல் கம்பெனி தன் சரக்குக் கணக்குக்கு ஒரு மென்பொருள் எழுதினால், அலுவலகத்தில் பிரவுசர், பின்னால் நோட், கிடங்கில் லாட் எண் ஸ்கேன் செய்யும் செல்போனில் ஹெர்மஸ் என்று மூன்று ரன்டைம்களாவது அதைத் தொடும். ஒரே நிரல் மூன்றிலும் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அது நியாயமான எதிர்பார்ப்புதான்.

ரன்டைம்களுக்கு இடையிலான வகை முரண் என்றதும் புரோகிராமர்கள் முதலில் நினைப்பது கடிகாரத்தை. செட்டைம்அவுட் என்று கட்டளையிட்டால், குறித்த நேரம் கழித்து ஒரு வேலை நடக்கும். அந்தக் கடிகாரத்தைப் பின்னால் நிறுத்த ஒரு அடையாளம் திரும்பக் கிடைக்கும். பிரவுசரில் அது வெறும் எண். நோட்டிலும் பன்னிலும் அது டைம்அவுட் என்ற பொருள். காரணம் எளிது. சர்வரில் ஓடும் நிரல், செய்ய வேலை இல்லாதபோது தானாக முடிந்துவிட வேண்டும். காத்திருக்கும் கடிகாரம் ஒன்று இருந்தால் அது முடியாமல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 'இந்தக் கடிகாரத்துக்காக நீ காத்திருக்க வேண்டாம்' என்று நிரலுக்குச் சொல்ல, அந்தப் பொருளில் அன்ரெஃப் என்ற வசதி வைத்தார்கள். பிரவுசரில் டேபை மூடுவது பயனர் கையில் இருப்பதால் அந்தத் தேவையே எழவில்லை.

இங்கேதான் டைப்ஸ்கிரிப்ட் வருகிறது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இது, ஜாவாஸ்கிரிப்டில் எந்த இடத்தில் எந்த வகை வரும் என்பதை ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கிறது. ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் வழிகாட்டிய மொழி. கடிகார அடையாளத்தை 'எண்' என்று எழுதிவைத்தால், நோட் சூழலில் அது உடனே சிவப்புக் கோடு போடும்: டைம்அவுட்டை எண்ணுக்குள் வைக்க முடியாது. பிரவுசருக்கு மட்டுமே எழுதும் திட்டத்திலும் சில சமயம் இதே கோடு வந்து ஆளைக் குழப்பும். ஏதோ ஒரு நூலகம் தன்னோடு நோட்டின் வகை அறிவிப்புகளை இழுத்து வந்திருக்கும். கம்பைலர் அதையும் சேர்த்துப் படித்திருக்கும். எந்தெந்த அறிவிப்புகளைப் படிக்கலாம் என்று அமைப்புக் கோப்பில் வரையறுத்துவிட்டால் இது நிற்கும். இரண்டு சூழலுக்கும் பொதுவாக எழுதும்போது, எண் என்றும் சொல்லாமல், டைம்அவுட் என்றும் சொல்லாமல், 'செட்டைம்அவுட் எதைத் திருப்புகிறதோ அந்த வகை' என்று எழுதலாம். டைப்ஸ்கிரிப்டில் ரிட்டர்ன்டைப் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. அடையாளத்தை வாங்கி, திரும்ப கிளியர்டைம்அவுட்டிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவே வேண்டாம்.

பலர் இந்த இடத்தில் எந்த வகையும் வரலாம் என்ற பொருளில் 'எனி' என்று எழுதி கம்பைலரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். மாலை ஷிப்மென்ட் கிளம்ப வேண்டிய அவசரத்தில் அது புரிகிறது. ஆனால் அந்த ஒரு சொல் கடிகாரத்தோடு நிற்பதில்லை. அந்த மதிப்பைத் தொடும் ஒவ்வொரு வரியிலும் சரிபார்ப்பு நின்றுவிடும்.

இருந்தாலும் சிவப்புக் கோடு போடும் முரண்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. கோடே வராமல், இரண்டு பக்கமும் வகை பொருந்தி, நடத்தை மட்டும் வேறாக இருக்கும் இடங்கள்தான் ஆபத்தானவை. ஊர்ப்பெயர் எண்களாக அச்சானது அந்த வகைதான். பஃபர் யூஇன்ட்8அர்ரேயின் வாரிசு என்பதால், யூஇன்ட்8அர்ரே கேட்கும் எந்த இடத்திலும் பஃபரைக் கொடுக்கலாம். கம்பைலர் பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாது.

இதைவிடக் கொடியது ஸ்லைஸ் என்ற கட்டளை. ஒரு பைட் வரிசையில் முதல் 20 பைட்டை வெட்டித் தரச் சொன்னால், யூஇன்ட்8அர்ரே புதிதாகப் படி எடுத்துத் தரும். பஃபரோ படி எடுக்காது; பழைய இடத்தையே சுட்டிக்காட்டும் ஒரு சாளரத்தைத் தரும். வெட்டி வாங்கிய துண்டில் நீங்கள் எதையாவது மாற்றினால், பிரவுசரில் மூலம் அப்படியே இருக்கும். நோட்டில் மூலமும் சேர்ந்து மாறிவிடும். எக்ஸ்போர்ட் இன்வாய்ஸின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் திருத்தினோம் என்று நினைத்திருப்போம். சேமித்துவைத்த இன்வாய்ஸே திருத்தப்பட்டிருக்கும். நோட்டின் ஆவணங்களே இப்போது பஃபரின் ஸ்லைஸைத் தவிர்க்கச் சொல்கின்றன. சப்அர்ரே என்ற கட்டளை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி, படி எடுக்காமல் சாளரம் மட்டும் தருகிறது. படி வேண்டுமென்றால், புதிய யூஇன்ட்8அர்ரே ஒன்றைத் திறந்து அதில் வெளிப்படையாக நகலெடுப்பதே பாதுகாப்பு.

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். அப்பர் என்ற மேல்பகுதியைத் தைத்து முடித்ததும் அதை லாஸ்ட் என்ற கால்வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். 42 என்று எழுதிய ஒரு லாஸ்ட்டுக்கு வெட்டின அப்பரை, அதே 42 எழுதிய வேறொரு லாஸ்ட்டில் ஏற்றிப் பாருங்கள். குதிகாலில் சுருக்கம் விழும், முன்பக்கம் இழுபடும். லேபிளில் தப்பு இல்லை, தையலிலும் தப்பு இல்லை. டைப்ஸ்கிரிப்ட் படிப்பது அந்த 42ஐ. லாஸ்ட்டின் வளைவை அது பார்ப்பதில்லை.

பஃபரில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளுக்கெல்லாம் தனித்தனியாக நினைவகம் கேட்டால் வேகம் குறையும் என்பதால், நோட் 8192 பைட் அளவில் ஒரு பொதுத் தொட்டியை வைத்துக்கொண்டு, சிறிய பஃபர்களை அதிலிருந்தே ஒதுக்கித் தரும் வழக்கத்தை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. நம் 33 பைட்டும் அந்தத் தொட்டிக்குள் எங்கோ ஓர் இடத்தில் கிடக்கும். பஃபரிடம் 'உன் அடியிலுள்ள நினைவகத்தைக் கொடு' என்று கேட்டால், 33 பைட் வராது. தொட்டி முழுவதும் வரும். அதை அப்படியே வெளியே அனுப்பினால், அதற்கு முன் தொட்டியைத் தொட்டுப்போன வேறொருவரின் தரவும் சேர்ந்து போகலாம். அது ஒரு வாடிக்கையாளரின் வங்கி விவரமாகவும் இருக்கலாம். பிரவுசரில் இயல்பாகத் திறக்கும் யூஇன்ட்8அர்ரேயில் இந்தப் பேச்சே இல்லை. அதன் நினைவகம் அதற்கே சொந்தம். எந்த இடத்தில் தொடங்கி எத்தனை பைட் என்பதையும் சேர்த்தே கையாள வேண்டும் என்பது இதனால்தான்.

அண்மையில் கம்பைலரே இந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியிருக்கிறது. 2024 நவம்பரில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.7இல், பைட் வரிசையின் அடியில் இருப்பது தனி நினைவகமா, பல த்ரெட்டுகள் பகிரும் நினைவகமா என்பதையும் வகைக்குள் கொண்டுவந்தார்கள். 2025இல் வந்த 5.9 அதை இன்னும் இறுக்கியது. நேற்றுவரை கம்பைல் ஆன நிரல் திடீரென்று பஃபரைக் கொடுத்த இடத்தில் பிழை காட்டியது. எரிச்சல்தான். ஆனால் ஓசையின்றிக் கிடந்த ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே கண்ணில் காட்டுவது நல்லதற்கே என்று நினைக்கிறேன்.

இந்தியப் புரோகிராமர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய முரண்கள் சில உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு அவை தெரியவே தெரியாது. 1234567 என்ற எண்ணை இந்திய வழக்கப்படி எழுதச் சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழ வேண்டும். பிரவுசரில் அப்படியே விழும். நோட் 12 வரையிலான வழக்கமான பதிப்பில் ஆங்கிலத்துக்கான சிறிய வட்டாரத் தரவுத் தொகுப்பு மட்டுமே இருந்ததால் அதே கட்டளைக்கு 1,234,567 என்று வரும். திரையில் ஒரு மாதிரியும் சர்வர் தயாரித்த பிடிஎஃப்பில் வேறு மாதிரியும் தொகை இருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? 2019 அக்டோபரில் வந்த நோட் 13 முதல் முழுத் தொகுப்பும் கூடவே வருகிறது. ஹெர்மஸ் அந்த 2019இல் வெளியானபோது அதில் வட்டார வழக்குகளைக் கையாளும் இன்ட்ல் பகுதியே இல்லை, பின்னால்தான் சேர்ந்தது.

நேர மண்டலமும் அப்படித்தான். 'இந்தக் கணினி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது?' என்று கேட்டால், நம் ஊரில் ஃபயர்ஃபாக்ஸ் 'ஏசியா/கொல்கத்தா' என்று சொல்லும். க்ரோம், சஃபாரி, நோட் மூன்றும் பல ஆண்டுகளாக 'ஏசியா/கல்கட்டா' என்றே சொல்லி வந்திருக்கின்றன. நகரின் பெயர் 2001இல் அதிகாரபூர்வமாக மாறிவிட்டது. உலக நேர மண்டலத் தரவுத்தளமும் மாற்றிக்கொண்டது. ஆனால் வி8 போன்ற எஞ்சின்கள் நம்பியிருக்கும் யூனிகோடு தரவு, ஒருமுறை கொடுத்த அடையாளப் பெயரை மாற்றுவதில்லை என்ற கொள்கையில் பழையதையே வைத்திருந்தது. இரண்டும் எழுத்துச்சரம்தான், எந்த வகைச் சரிபார்ப்பும் இதில் குறை காணாது. ஆனால் இரண்டும் சமமா என்று நேரடியாக ஒப்பிட்டால் இல்லை என்று விடை வரும். 'இந்தியப் பயனர்' என்று பிரிக்கும் நிரல் பாதிப் பேரை வெளியே தள்ளிவிடும். பெயரை வெறும் எழுத்துச்சரமாக ஒப்பிடவே கூடாது. புதிதாக வரும் டெம்பொரல் என்ற காலக் கருவி இதைச் சரியாகக் கையாள்கிறது: கொடுத்த பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டும் ஒரே மண்டலம் என்று எடுத்துக்கொள்கிறது.

கூடவே ஒன்று. க்ளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில், அங்கே மார்ச் 31 இரவு 8:30. நிதியாண்டே மாறிப்போகும். தேதியை எழுத்தாக்கும் ஒவ்வொரு இடத்திலும் மண்டலத்தை நாமே குறிப்பிட வேண்டும். கொல்கத்தா என்றாலும் கல்கட்டா என்றாலும் எல்லா ரன்டைமும் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? எனக்குத் தெரிந்து நிலைத்து நிற்கும் வழி ஒன்று உண்டு: கணக்கை நடத்தும் பகுதியையும் சூழலைத் தொடும் பகுதியையும் பிரித்துவிடுவது. தோல் எத்தனை சதுர அடி, எந்த கிரேடு, எந்த லாட், தொகை எவ்வளவு என்று கணக்கிடும் நிரல் எந்த ரன்டைமையும் தொடக் கூடாது. இதை நல்லெண்ணத்துக்கு விடாமல் கம்பைலரையே காவல் வைக்கலாம். அந்தப் பகுதிக்குத் தனி அமைப்புக் கோப்பு போட்டு, மொழித் தரநிலையின் அறிவிப்புகளை மட்டும் படிக்கச் சொல்லி, பிரவுசர் அறிவிப்பையும் நோட் அறிவிப்பையும் விலக்கிவிடுங்கள். அதன் பின் அங்கே யாராவது பஃபர் என்றோ செட்டைம்அவுட் என்றோ எழுதினால், அப்படி ஒரு பெயரே தெரியாது என்று கம்பைலர் சொல்லிவிடும். கடிகாரம், பைட், நெட்வொர்க் எல்லாம் வெளியிலிருந்து செயற்கூறுகளாக உள்ளே கொடுக்கப்பட வேண்டும். ரன்டைமுக்கு ஒன்றாகச் சின்னக் கோப்புகள் அந்த வேலையைச் செய்யும். எந்த ரன்டைமில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதை பேக்கேஜ் கோப்பின் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியிலேயே எழுதிவைக்கலாம். நோட், டெனோ, பன், பிரவுசர் என்று அதற்குத் தனித்தனிச் சாவிச் சொற்கள் உண்டு.

எல்லையைக் கடக்கும் பைட் எல்லாம் யூஇன்ட்8அர்ரேயாகவே கடக்கட்டும். எழுத்தாக்க டெக்ஸ்ட்டிகோடர் என்ற கருவியை மட்டும் நம்புங்கள். பிரவுசர், நோட், டெனோ, பன் ஆகியவை அதை ஒரே மாதிரி தருகின்றன. தமிழுக்கு அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நெட்வொர்க்கில் தரவு துண்டு துண்டாக வரும். நம் 33 பைட்டில் 16 முதலில் வந்து, மீதி 17 பின்னால் வந்தது என்றால், முதல் துண்டில் 'பள்ளி' முழுசாக இருக்கும். அடுத்து வரும் 'க'வின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கினால் 'க' இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும். டெக்ஸ்ட்டிகோடரிடம் 'இன்னும் வரும்' என்று சொல்லிவைத்தால் அந்த ஒற்றை பைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் வெளியே வராது. சோதனைத் தரவில் நம் ஊர்ப்பெயர்களைப் போடுங்கள். அந்தச் சோதனையை நோட்டில் மட்டும் நடத்திவிட்டு நிறுத்தாமல், நிரல் ஓடப்போகும் எல்லா ரன்டைமிலும் ஓட்டுங்கள். வகை பொருந்தி நடத்தை மாறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ரன்டைம்களைச் செய்பவர்களும் சும்மா இல்லை. நோட் 18 பதிப்பு 2022 ஏப்ரலில் நெட்வொர்க்கில் தரவு கேட்கும் பிரவுசரின் ஃபெட்ச் கட்டளையைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. அடுத்த மாதமே க்ளவுட்ஃப்ளேர், வெர்செல், ஷாப்பிஃபை நிறுவனங்கள் நோட், டெனோ தரப்பினரோடு சேர்ந்து விண்டர்சிஜி என்ற குழுவைத் தொடங்கின. எல்லா ரன்டைமிலும் குறைந்தபட்சம் எந்தெந்த வசதிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பட்டியலிடுவது அதன் வேலை. பின்னர் அது எக்மா அமைப்புக்குள் டிசி55 என்ற தொழில்நுட்பக் குழு ஆனது. ஃபெட்ச், டெக்ஸ்ட்டிகோடர் போன்றவை அந்தப் பட்டியலுக்குள் அடங்கும். லட்சக் காற்புள்ளி எங்கே விழ வேண்டும், தமிழில் மாதத்தின் பெயரை எப்படிச் சுருக்க வேண்டும் என்பவை அடங்காது. அவை யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவிலிருந்து வருகின்றன. அந்தத் தரவைத் திருத்துவதற்கு சர்வே டூல் என்ற இணையக் கருவி இருக்கிறது. தமிழ்ப் பகுதிக்கு யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு திருத்தம் முன்வைக்கலாம். ஏற்கப்படும் திருத்தம் சிஎல்டிஆரின் அடுத்த பதிப்பில் சேரும். அந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ளும்போது க்ரோமுக்கும் நோட்டுக்கும் சஃபாரிக்கும் அது போய்ச் சேரும்.